டிராக்டர் டீலரிடம் வேலை பார்ப்பவர் தனியாகச் சொன்ன தகவலை எந்த அளவுக்கு நம்பலாம்?

வெண்ணாற்றங்கரை (திருவாரூர் மாவட்டம்), கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். சொந்த நிலமும் குத்தகை நிலமுமாக நெல் சாகுபடி செய்கிறேன். சம்பா, தாளடிப் பருவங்களில் பக்கத்து வயல்களுக்கும் வாடகைக்கு உழவு ஓட்டலாம் என்ற எண்ணத்தில், 45 குதிரைத்திறன் அளவில் புதிய டிராக்டர் ஒன்று வாங்குவதற்காக அருகிலுள்ள ஒரு டீலரிடம் விலை பேசி வருகிறேன். அங்குள்ள விற்பனையாளர் ஒரு குறிப்பிட்ட மாடலையே திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கிறார். கடன், காப்பீடு இரண்டையும் தாங்களே முடித்துத் தருவதாகவும், இந்த மாத இறுதிக்குள் முன்பணம் கட்டினால்தான் தள்ளுபடி கிடைக்கும் என்றும் சொல்கிறார்.

இதற்கிடையில், அதே நிறுவனத்தின் பணிமனையில் வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர் என் மைத்துனர் மூலமாக என்னைத் தொடர்புகொண்டு சில விவரங்களைச் சொன்னார். அந்த மாடலில் இருப்பது உலர் டிஸ்க் பிரேக் என்பதால் சேற்றுழவுக்கு ஒத்துவராது, ஆயில் பிரேக் (எண்ணெயில் மூழ்கி இயங்கும் பிரேக்) உள்ள வண்டியாகக் கேளுங்கள் என்றார். எனக்கென்று முற்றத்தில் காட்டிய வண்டி பல ஊர்களில் டெமோவுக்கு ஓட்டப்பட்டது என்றும், அவர்கள் சொல்லும் கடன் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வட்டி காரணமல்ல, அதிலிருந்து டீலருக்கு வரும் தொகையே காரணம் என்றும் சொன்னார். காப்பீட்டை வெளியில் போட்டுக்கொள்ளலாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று எனக்குத் தெரியவில்லை, நல்லெண்ணமாகவும் இருக்கலாம். நான் கேட்க விரும்புவது இரண்டு. இவ்வாறு உள்ளிருப்பவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? அவர் பெயர் வெளியே வராமலும், அவர் வேலைக்குப் பங்கம் நேராமலும் இவற்றை டீலரிடம் எப்படிக் கேட்பது?

---

சந்தைக்கடை (ஈரோடு மாவட்டம்), பதில்:

ஐயா, நான் முன்பு ஒரு டிராக்டர் டீலரிடம் விற்பனைப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், அங்கே யாருக்கு எதிலிருந்து வருமானம் வருகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது தெரிந்தால் யார் எதைச் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

விற்பனையாளருக்கு நிலையான சம்பளம் குறைவு. மீதி எல்லாம் வண்டிக் கணக்கில் வரும் இன்சென்டிவ். மாத இலக்கை எட்டாவிட்டால் அந்த இன்சென்டிவும் கிடைக்காது என்று பல இடங்களில் விதி உண்டு. எனவே 'மாத இறுதிக்குள்' என்ற அவசரம் அவருடையது, உங்களுடையது அன்று. அதே தள்ளுபடி அடுத்த மாத இறுதியிலும் வேறு பெயரில் வந்து நிற்கும். முற்றத்தில் நெடுநாள் நிற்கும் வண்டியைத் தள்ளிவிட்டால் கூடுதல் தொகை உண்டு என்று முதலாளி சொல்லியிருந்தால், விற்பனையாளர் ஒரே மாடலைப் பிடித்துக்கொண்டு பேசுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

டீலருக்கு வண்டியின் மீது கிடைக்கும் லாபத்தைப் பக்கத்து ஊர் டீலரோடு போட்டி போட்டுத் தள்ளுபடியாகவே கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டுவது கடன், காப்பீடு, பம்பர், மேற்கூரை, ஹிட்ச் போன்ற துணைப்பொருள்கள், பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச் ஆகியவைதான். கடன் நிறுவனம் டீலருக்குத் தரும் தொகைக்கு 'பே-அவுட்' என்று பெயர். அதை வாங்குவதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் உங்கள் வட்டியிலிருந்துதான் வருகிறது.

வட்டியைப் பற்றி விற்பனையாளர் பேசும் முறையில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். '9 சதவீதம்தான்' என்பார். அது ஃபிளாட் வட்டி, அதாவது முதலில் வாங்கிய முழு அசலுக்கும் கடைசிவரை போடும் வட்டி என்பதைச் சொல்லமாட்டார். 6 லட்சம் ரூபாய்க்கு 5 ஆண்டுக்கு 9 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி மட்டும் 2,70,000 ரூபாய். அரையாண்டுத் தவணை ஒன்றுக்கு 87,000 ரூபாய் வீதம் 10 தவணை கட்டுவீர்கள். ஆனால் ஒவ்வொரு தவணையிலும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், உண்மையில் நீங்கள் கட்டும் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சதவீதம் ஆகிவிடும். வங்கியில் 11 சதவீதம் குறையும் வட்டி (மீதமுள்ள அசலுக்கு மட்டும் போடுவது) என்று சொல்வதைக் கேட்டு 'அங்கே அதிகம், இங்கே குறைவு' என்று கடன் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த விவசாயிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கு உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவரும் அவர்களைத் திருத்தியதில்லை.

இதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குக் கொடுக்கும் புதிய கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. வங்கிக்கும் பொருந்தும், வங்கியல்லாத நிதி நிறுவனத்துக்கும் பொருந்தும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். செயல்பாட்டுக் கட்டணம் உள்ளிட்ட செலவுகளையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்ற ஒரே எண் அதில் இருக்கும். அறிக்கையில் குறிப்பிடாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றிப் பிறகு வசூலிக்க முடியாது. டீலர் சொல்லும் நிறுவனத்திடம் ஒன்றும், உங்கள் வங்கிக் கிளையில் ஒன்றும் வாங்கி அந்த ஓர் எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கியில் நில ஆவணம், அடமானம் என்று நாள் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிதி நிறுவனம் விரைவாகக் கொடுப்பது உண்மை.

காப்பீட்டில் உங்கள் மெக்கானிக் சொன்னது முற்றிலும் சரி. டீலர்கள் காப்பீடு விற்பதற்கான வழிகாட்டு நெறிகளைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் கொண்டுவந்தது. அதன்படி எந்த நிறுவனத்தில் காப்பீடு எடுப்பது என்ற தேர்வு உங்களுடையது. 'எங்களிடம் எடுத்தால்தான் வண்டி' என்று டீலர் நிபந்தனை விதிக்கக் கூடாது.

---

மண்வாசல் (விழுப்புரம் மாவட்டம்), பதில்:

மேலே சந்தைக்கடை அண்ணன் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மெக்கானிக் சொன்னால் அது உண்மை, விற்பனையாளர் சொன்னால் அது பொய் என்று பிரித்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். நானும் என் கணவரும் வாடகை டிராக்டர் தொழிலில் இருக்கிறோம். 'உங்களிடம் மட்டும் சொல்கிறேன்' என்று தொடங்கும் பேச்சு எங்கள் பகுதியில் ஒரு விற்பனை உத்தியாகவே நடக்கிறது. ஒரு டீலரிடம் வேலை செய்துகொண்டே போட்டி டீலருக்கு ஆள் அனுப்பி ஆயிரம், இரண்டாயிரம் வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மெக்கானிக் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு மாடல் வேண்டாம் என்றதோடு நிறுத்தினாரா, வேறு ஒரு கடையின் பெயரையும் சேர்த்துச் சொன்னாரா என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்ன பிரேக் விஷயத்தைச் சரிபார்க்க யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. ஆங்கிலத்தில் இருக்கும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பிரேக் எந்த வகை என்பது அதிலேயே இருக்கிறது. டெல்டாக்காரரான உங்களுக்கு அதைவிட முக்கியமான பகுதி ஒன்று உண்டு. சேற்றுழவு ஓட்டிய பிறகு கிளட்ச், பிரேக், முன் அச்சு ஆகிய இடங்களில் சேறோ தண்ணீரோ உள்ளே புகுந்ததா என்று பார்த்து எழுதியிருப்பார்கள். கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி முழங்கால் சேற்றில் ஓட்டப்போகிறவர் விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஒரு பக்கத்தைப் படித்தால் போதும்.

இன்னொன்று. '45 எச்.பி.' என்று விற்பனையாளர் சொல்வது எஞ்சினின் திறன். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ.வில் (கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டில்) கிடைக்கும் திறன்; அது எப்போதும் குறைவாகவே இருக்கும். வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் அந்த எண்ணைக் கேளுங்கள், டூயல் கிளட்ச் (வண்டியை நிறுத்தினாலும் பி.டி.ஓ. சுழல உதவும் இரட்டை கிளட்ச்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டவுடன் பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் நேர்மை இருந்தும் உங்களுக்குப் பயனில்லை.

---

பணிமனைப் பொறுப்பாளர் (மதுரை), பதில்:

நான் வேறொரு நிறுவனத்தின் டீலரிடம் சர்வீஸ் பிரிவைக் கவனித்துவருகிறேன். பெயர் சொல்லாமல் எழுதுவதற்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

மெக்கானிக்குகள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கு என் அனுபவத்தில் கண்ட காரணம் எளியது. விற்பனையாளர் வண்டியை ஒப்படைத்த நாளோடு கடமை முடிந்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பிரேக் பிடிக்கவில்லை என்று நடவு நேரத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் திட்டு வாங்குவதும், வரப்பில் வண்டியை மடக்கிப் போட்டுச் சேற்றோடு பிரேக்கைக் கழற்றுவதும் மெக்கானிக்கின் வேலை. பொருத்தமில்லாத வண்டியை விற்றால் அதன் வலி அவருக்குத்தான் வந்து சேர்கிறது. இன்சென்டிவ் இல்லாததால் மட்டுமல்ல, இந்தக் காரணத்தாலும் வண்டியைப் பற்றிப் பணிமனை சொல்வதை நான் மதிப்பேன். கடனைப் பற்றியும் பே-அவுட்டைப் பற்றியும் அவர் சொல்வது பெரும்பாலும் கேள்விப்பட்டதாகவே இருக்கும். அதற்கு சந்தைக்கடை நண்பர் சொன்ன அறிக்கையை நம்புங்கள்.

டெமோ வண்டி என்ற சந்தேகத்தை நீங்களே பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். மணிக்கணக்கு மீட்டரை முதலில் பார்க்க வேண்டாம். அதன் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவது தெரியாத ஆள் கிடையாது. பின்பக்கம் குனிந்து, கருவிகளை மாட்டும் மூன்று முனை இணைப்பின் கீழ்க் கைகளையும் அவற்றின் நுனியில் உள்ள குண்டுகளையும் பாருங்கள். கருவி மாட்டாத வண்டியில் அந்தக் குண்டுகளின் மீது தொழிற்சாலைப் பெயிண்டோ கிரீஸோ அப்படியே இருக்கும். ஒருமுறை கலப்பை மாட்டினாலே அதன் இரும்பு முளை உரசிப் பளபளப்பான வளையம் விழுந்துவிடும். பி.டி.ஓ. தண்டின் பற்களிலும் அவ்வாறே. டயரில் புதிதாக வார்த்த ரப்பர் முடிகள் பக்கவாட்டில் இருந்து, மிதிக்கும் பற்களில் மட்டும் இல்லையென்றால் வண்டி ஓடியிருக்கிறது. பெயிண்ட் அடித்துவிடுவார்கள், ரப்பர் முடியை ஒட்ட முடியாது. லாரியிலிருந்து இறக்கி முற்றத்தில் நகர்த்திய அளவுக்குத் தேய்மானம் எந்தப் புது வண்டியிலும் இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பு மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் எழுதப்பட வேண்டும். ஆனால் அது பணம் கட்டிய பிறகு வரும் தாள். எனவே கொட்டேஷனிலேயே சேசிஸ் எண், எஞ்சின் எண், தயாரிப்பு மாதம், 'டெமோவுக்குப் பயன்படுத்தப்படாத வண்டி' என்ற ஒரு வரி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். இவை வண்டி வாங்கும் எவரும் கேட்கக்கூடிய கேள்விகள் என்பதால், யார் சொல்லிக் கேட்கிறீர்கள் என்ற சந்தேகம் எழாது. ஆயில் பிரேக் மாடலையும் 'எங்கள் ஊரில் எல்லோரும் அதைத்தான் ஓட்டுகிறார்கள்' என்று கேட்டால் போதும். நான்கு செய்தியையும் ஒரே நாளில் ஒரே மூச்சில் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் அது பணிமனையிலிருந்து வந்த பட்டியல் என்று எந்த முதலாளிக்கும் தெரிந்துவிடும்.

வாரண்டியைப் பற்றியும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் ஆண்டுகளைப் பெரிதாகப் போடுவார்கள். ஆண்டா, மணிக்கணக்கா, எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடிந்துவிடும். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஃபில்டர் போன்ற தேயும் பாகங்கள் அதில் சேராது; டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள்தான் பொறுப்பு. வாரண்டியில் பாகம் மாற்றினால் டீலர் பழைய பாகத்தை வைத்து நிறுவனத்திடம் கோர வேண்டும். நிறுவனம் மறுத்துவிட்டால் அந்தச் செலவு டீலர் தலையில் விழும். அதனால்தான் சில இடங்களில் 'ஓட்டுநரின் தவறு', 'தண்ணீர் புகுந்தது' என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு (பணிமனையின் வேலைப் பதிவுத் தாள்) போடச் சொல்லி, நீங்கள் சொன்ன குறையை உங்கள் வார்த்தையிலேயே எழுதவைத்து நகல் வாங்குங்கள். வாய்ச்சொல்லாகப் பார்த்து அனுப்பிய வேலைக்குப் பிறகு எந்தச் சாட்சியும் இல்லை.

---

வாய்தா (திருச்சி), பதில்:

வழக்கறிஞர் என்ற முறையில் இரண்டு செய்திகள் மட்டும்.

முதலாவது, அந்த மெக்கானிக்கைப் பற்றியது. தகவல் சொன்னவரைக் காக்கச் சட்டம் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். 2014இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களைப் பற்றியது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் வேறு சில வகை நிறுவனங்களும் ஊழியர் புகார் சொல்வதற்கென ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. டிராக்டரைத் தயாரிக்கும் பெரிய நிறுவனத்துக்கு அது பொருந்தலாம். உங்கள் ஊர் டீலர் பெரும்பாலும் தனிநபரோ கூட்டு வணிகமோ நடத்தும் தனிக்கடை. அங்கே வேலை செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. ஆகவே அவர் பேசியதை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தால் எவருக்கும் அனுப்பாதீர்கள். புகாரில் அவரைச் சாட்சியாகக் குறிப்பிடவும் வேண்டாம்.

இரண்டாவது, உங்களைப் பற்றியது. பயன்படுத்திய பொருளைப் புதிது என்று சொல்லி விற்பதும், ரசீது தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நீங்கள் வாடகைக்கு ஓட்டப்போவதாக எழுதியிருப்பதால் எதிர்த்தரப்பு 'இவர் வணிக நோக்கத்தில் வாங்கியவர், நுகர்வோர் அல்லர்' என்று கட்டாயம் வாதிடும். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்குச் சட்டத்தின் விளக்கவுரையிலேயே விலக்கு இருக்கிறது. 1995இல் லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோ ரிக்ஷாக்காரர் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டியிருக்கிறது. வண்டியை நீங்களே ஓட்டுவீர்களா, சம்பளத்துக்கு ஆள் வைப்பீர்களா என்பது பின்னால் பெரிய கேள்வியாக வரக்கூடும். கடன் விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் விற்பனையாளர் தன் போக்கில் எதையாவது நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

நெடுஞ்சாலைக் கடை (சேலம் மாவட்டம்), பதில்:

நான் சிறிய அளவில் டீலர்ஷிப் நடத்துகிறவன். எங்கள் பக்கத்தையும் ஒருவர் எழுத வேண்டுமல்லவா?

நிறுவனம் மாத இறுதியில் எத்தனை வண்டியை எங்களுக்கு பில் போடுகிறது என்பதை நாங்கள் முழுமையாகத் தீர்மானிப்பதில்லை. செய்தித்தாளில் 'இந்த மாதம் இத்தனை டிராக்டர் விற்பனை' என்று நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கை. பதிவான வண்டிகளின் கணக்கை டீலர்கள் கூட்டமைப்பு தனியாக வெளியிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வண்டிகள் எங்கள் முற்றத்தில், எங்கள் வட்டியில் நிற்கின்றன. 2025 செப்டம்பர் 22 அன்று டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, அதற்கு முந்தைய வாரங்களில் வாங்க வந்தவர்கள் 'பிறகு வருகிறோம்' என்று போய்விட்டார்கள். நின்ற வண்டிக்கு வட்டி கட்டியது நாங்கள்தான். இந்தச் சுமையோடு பழைய இருப்பைத் தள்ளிவிட முயல்வதைக் குற்றமென்று சொல்ல முடியாது. பழையது என்பதை மறைத்தால் அது குற்றம். அதில் எனக்கும் மறுப்பில்லை. என் கடையில் டெமோ வண்டியை டெமோ என்றே சொல்லி, விலை குறைத்து, முழு வாரண்டியோடு விற்கிறேன். அப்படி வாங்கியவர்கள் வருத்தப்பட்டதில்லை. உங்கள் டீலரிடமும் 'டெமோ வண்டியாக இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன், எவ்வளவு குறைப்பீர்கள்' என்று நேராகக் கேட்டுப் பாருங்கள்.

மானியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லையென்றாலும் சொல்கிறேன். ரோட்டவேட்டரோ பவர் டில்லரோ சேர்த்து வாங்கும் எண்ணம் இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையில் நீங்களே விண்ணப்பித்துவிட்டு வாருங்கள். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. மானியத்தில் வாங்கினால் ஒரு விலை, ரொக்கத்துக்கு வாங்கினால் குறைந்த விலை என்று இரண்டு விலை சொல்லும் கடைகள் எங்கள் தொழிலில் இருக்கின்றன. இரண்டு விலையையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மானியத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அரசு கொடுப்பதில் பாதி கடைக்காரரிடமே போய்விடும்.

---

வெண்ணாற்றங்கரை, கேள்வி கேட்டவர்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மண்வாசல் அம்மாவின் கேள்விக்கு: மெக்கானிக் வேறு எந்தக் கடையின் பெயரையும் சொல்லவில்லை. புத்னி அறிக்கையைத் தேடிப் படித்தேன். பிரேக் வகையில் அவர் சொன்னது சரியாகவே இருக்கிறது. முற்றத்தில் உள்ள வண்டியையும் போய்ப் பார்த்தேன். கீழ்க் கைகளின் குண்டுகளில் புதுப் பெயிண்ட் இருந்தது, ஆனால் உள்வளையத்தில் உரசல் தெளிவாகத் தெரிந்தது. தயாரிப்பு மாதத்தையும் டெமோ வரியையும் எழுதிக் கேட்டதற்கு, மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாக விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். ஆயில் பிரேக் மாடலுக்கு 38,000 ரூபாய் கூடுதலாகிறது. கடனுக்கு வங்கியில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம்: எழுதித் தர மறுத்தால் முன்பணம் கட்டாமல் வெளியே வந்துவிடுவதுதான் ஒரே வழியா?

---

பணிமனைப் பொறுப்பாளர் (மதுரை), பதில்:

நீங்கள் சொல்லும் உரசலையும் புதுப் பெயிண்டையும் சேர்த்துப் பார்த்தால், அது டெமோ ஓடிய வண்டி என்றே நான் எடுத்துக்கொள்வேன். மறுத்தால் வேறு சேசிஸ் எண்ணுள்ள வண்டியை வரவழைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் கிடங்கிலிருந்தோ பக்கத்து டீலரிடமிருந்தோ மாற்றி வாங்கிக் கொடுப்பது அவர்களுக்கு வழக்கமான வேலைதான். அதற்கும் முடியாது என்றால் அதே நிறுவனத்தின் அடுத்த டீலரிடம் போகலாம். வாரண்டி நிறுவனத்தினுடையது என்பதால் சர்வீஸை உங்கள் ஊர்ப் பணிமனையிலேயே செய்துகொள்ளலாம். முன்பணத்தை எங்கே கட்டினாலும் டீலர் கடையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் கட்டுங்கள், விற்பனையாளரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பாதீர்கள். ரசீதில் சேசிஸ் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.